அறுபத்திரண்டிலேயே நின்ற ரியாக்டர்

இது ஜீவிதாவுக்கு நடந்தது. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில், பட்டப்பகலில் நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று அடம்பிடிப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

ஜீவிதா கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருந்தவள். "நம்ம பசங்களுக்கு ஆட்டோமேஷன் சொல்லிக்குடுக்க ஆளில்ல அம்மணி, நீ வா" என்று மோகனசுந்தரம் சார் கூப்பிட்டதும், அந்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஒரு காலத்தில் அவளுக்குப் பாடம் எடுத்தவர், இப்போது துறைத்தலைவர். அவர் சொன்னால் கிணற்றில்கூடக் குதிப்பாள். அவளிடம் ஒப்படைத்த ஆய்வகம் ஏன் இத்தனை மாதம் பூட்டிக் கிடந்தது என்று ஒருமுறை கேட்டாள். பெயிண்ட் அடித்தோம் என்றார். அதையும் நம்பினாள்.

பாடம் இதுதான். ரியாக்டருக்குள் ரசாயனங்கள் சேர்ந்தால் சூடு ஏறும். சென்சார் அதை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் தானே குளிர்நீர் வால்வைத் திறக்கும், சூடு எல்லை மீறினால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். வால்வைக் கம்ப்யூட்டரிடமிருந்து யாராவது தன் கைக்கு மாற்ற வேண்டுமென்றால் "மேனுவல்!" என்று கத்த வேண்டும். பொறுப்பில் இருப்பவர் "சரி" என்று சொல்லும்வரை தொடக்கூடாது. அது மோகனசுந்தரம் சார் போட்ட சட்டம்.

அன்று மதியம் வெளியே மழை. கம்ப்யூட்டர் முன்னால் கருப்புசாமி. ரியாக்டர் பக்கத்தில் தமிழ்ப்ரியா. இருவரும் மூன்றாம் வருட மாணவர்கள். திரையில் 62 டிகிரி.

கொஞ்ச நேரம் கழித்தும் 62. ஒரு புள்ளியாவது ஏறி இறங்க வேண்டுமே... அசையவில்லை.

"மேடம், இங்க அனல் அடிக்குதுங்க" என்றாள் தமிழ்ப்ரியா.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. ஜீவிதாவின் காதோரம். ஒரு பையனின் குரல்.

"மேனுவல்! சரின்னு சொல்லுங்க... சொல்லுங்க!"

பழக்கதோஷத்தில் "சரி" என்றாள்.

டக்.

வால்வு முழுதாகத் திறந்தது. குழாயில் தண்ணீர் இரைந்தது.

கருப்புசாமி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். "நான் தொடவே இல்லீங்க மேடம்!"

"கத்துனது யாரு?"

"யாருமே கத்தலீங்களே..."

இருவரையும் வெளியே விரட்டினாள். கைத் தெர்மாமீட்டரை ரியாக்டரை நோக்கி நீட்டினாள்.

131.

திரையில் அப்போதும் 62.

ரியாக்டர் ஆறிய பிறகு புரோகிராமைத் திறந்து பார்த்தாள். சென்சார் சொல்வதைத் துண்டித்துவிட்டு, அந்த இடத்தில் 62 என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவளும் சாரும். போனை எடுத்தாள்.

"சார், அந்த 62 நீங்க போட்டதுங்களா?"

"போன வாரம் இன்ஸ்பெக்‌ஷன் வந்தாங்கல்ல அம்மணி. அவங்க முன்னாடி சூடு ஏறி ரியாக்டர் பாதியில நின்னா மானம் போயிரும். எடுக்க மறந்துட்டேன்."

"என்ர பசங்க செத்திருப்பாங்க சார்! ஏதோ ஒரு பையன் கத்துனதாலதான்..."



"அது ரிஜின்" என்றார். "காந்தலூர்ப் பையன். போன வருஷம் இதே மாதிரி இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு... மேனுவல் மேனுவல்னு கத்துனான். வந்தவங்க பாத்துட்டு நின்னாங்க. நான் சரின்னு சொல்லல. ரியாக்டர் வெடிச்சு அவன் செத்துட்டான். யாரும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு அப்புறம் பசங்கள மெரட்டி வெச்சோம்."

"இதெல்லாம் தெரிஞ்சேதான் என்னையக் கூப்புட்டீங்களா சார்?"

"அவன் கத்தறது எனக்குத் தெனமும் கேட்டுச்சு அம்மணி. ஊட்டுல, கார்ல, கோயில்ல..." அவர் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார். "நீ வந்து பொறுப்பேத்துக்கிட்ட அன்னிக்கு எனக்கு நின்னுருச்சு."