சிவப்பு எழுத்தை எடுக்க மாட்டேன்

கணினிக்கு வேலை சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்கும் கூட்டத்தில், பிழைச் செய்தி எழுதுகிறவளுக்குத்தான் ஏச்சு அதிகம். இதே பாட்டைப் படுகிற உங்களுக்குத் தெரியாததா! யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில், பழைய தரவைப் பார்த்து நாளையதைக் கணிக்கும், பைதன் மொழியில் எழுதிய மென்பொருள் பொதி ஒன்றைப் பராமரிப்பது என் வேலை.

வாய் நீளம்

சாவகச்சேரியிலிருந்து ஒரு பல்கலைக்கழகப் பெடியன் அழைத்தான். ஸ்பார்ஸ் மற்றிக்ஸ் ஒன்றைக் கொடுத்தானாம், எங்கள் பொதி சிவப்பு எழுத்தில் மறுத்துவிட்டதாம். வேறொன்றுமில்லை, பெரிய அட்டவணையில் எண் இருக்கும் கட்டங்களை மட்டும் குறித்து, மற்றதை எழுதாமல் விடுகிற சிக்கன முறை அது. எழுதாத கட்டமெல்லாம் பூச்சியம் என்று கணினி எடுத்துக்கொள்ளும்.

அது உண்மையிலேயே பூச்சியமா, இல்லை ஒருவரும் அளக்கவே இல்லையா? அது தெரியாமல் கணிக்கக் கூடாது என்றுதான் அந்த மறுப்பை எழுதி வைத்தேன். பொறுமையாக விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னான்: "அக்கா, என்ரை டேட்டாவிலை பிழை இல்லை. உங்கடை புரோகிராமுக்குத்தான் வாய் நீளம்."

மாட்டன்

குருநகரில் ஒரு மீனவர் சங்கத்துக்கு, எந்த நாளுக்கு எவ்வளவு ஐஸ் எடுக்கலாம் என்று, வலையில் படும் மீன்பாட்டைக் கணித்துக் காட்ட வேண்டியிருந்தது. அவர்களின் தரவும் ஸ்பார்ஸ். மறுபடி சிவப்பு. மேலாளர் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"உந்த வரியைத் தூக்கும். வெறுமையா இருக்கிற இடத்துக்குப் பூச்சியத்தைப் போட்டு ஓட விடும்."

"மாட்டன். ஏன் வெறுமையா இருக்கெண்டு சங்கத்திலை கேட்டுப்போட்டு ஓட விடுவம்."

கேட்கத் தொலைபேசியில் ஒரு நிமிடம் போதும். அதற்கும் அவருக்குப் பொறுமையில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, இப்போது நினைத்தாலும் வருகிறது. வேலையைப் பக்கத்து மேசை ரூபனிடம் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "திங்கட்கிழமை காட்டி முடியட்டும், தங்கச்சி. உம்மடை வேலையைப் பற்றிப் பிறகு கதைப்பம்."

ஞாயிற்றுக்கிழமை

திங்கட்கிழமை சங்கத்தில் ரூபன், என் சிவப்பு வரியைத் தூக்கி, வெறுமையையெல்லாம் பூச்சியமாக்கி, அழகான வரைபடம் போட்டுக் காட்டினான். நான் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். ஆறு நாளும் கோடு நன்றாகத்தான் போனது. ஒவ்வொரு ஞாயிறும் தொப்பென்று அடியில் விழுந்தது.

குருநகரில் அந்தச் சங்கத்துப் படகுகள் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. அன்று தேவாலயத்தில் பூசை. போகாத நாளுக்கு என்ன எண்ணை எழுதுவது? ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்கள். எங்கள் பொதியோ, ஞாயிறு கடலில் மீனே இல்லை என்று அடித்துச் சொன்னது. சங்கத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலாளரிடம் கேட்டார்: "தம்பி, நாங்கள்தான் பூசைக்குப் போறம். மீனும் போகுதோ?"

திரும்பும் வழியில்

எல்லோரும் ஒரே வாகனத்தில் திரும்பினோம். என் வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்டுக் கெஞ்சுகிற ஆள் நானில்லை. அலுவலக வாசலில் இறங்கும்போது மேலாளர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அந்தச் சிவப்பு எழுத்தைத் திரும்பப் போடும். கொஞ்சம் பெரிசாவே போடும்."

ஆக, வலை போடாத நாளில் மீன் இல்லை என்று சொல்லாமல் இருப்பதற்கே இந்தத் தொழிலில் வேலையைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது.