பவித்ரா பெயரில் ஒரு படம்

ஜெர்மனியில் நான் உதவியாளராக வேலை பார்க்கும் குருண்ட்ஷூலேயில், அதாவது ஆரம்பப் பள்ளியில், நடைக்கூடச் சுவர் முழுக்கப் பிள்ளைகள் கணினியில் வரைந்த படங்களை மாட்டியிருக்கிறார்கள். படங்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒன்றில் தாள் முழுக்க ஆரஞ்சு நிறம், மூலையில் ஒரு புள்ளி. இன்னொன்றில் மூன்று கால் உள்ள ஏதோ ஒன்று. அது நாயா நாற்காலியா என்று வரைந்த பிள்ளைக்கே சந்தேகம் இருக்கலாம். இதற்கெல்லாம் கண்ணாடிச் சட்டம் வேறு. முதல் நாள் பார்த்தபோதே முகம் சுளித்தேன். நம் ஊர்ப் பள்ளியில் இப்படி மாட்டியிருந்தால் மறுநாளே பெற்றோர் வந்து டி.சி. கேட்டிருப்பார்கள்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள், யோனாஸ் என்ற ஆறு வயதுப் பையன் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ஒரு மரம் வரைந்தான். ஊதா நிறத்தில் ஒரு தண்டு, இரண்டு குச்சி. இலை கிடையாது. சுற்றிலும் வெறும் வெள்ளை. வகுப்பாசிரியை ஃப்ராவ் வேபர் எட்டிப் பார்த்து "இன்டெரெஸான்ட்" என்றார். சுவாரசியமாம்! எனக்கு அந்த வெறும் வெள்ளையைப் பார்க்கவே பொறுக்கவில்லை. பையன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் என் கை தானாக மவுசைப் பிடித்தது. இலைகளைப் போட்டேன், பச்சை ஊற்றினேன், வானத்துக்கு நீலம். அரை நிமிட வேலை. ஏனென்றால் அந்த மென்பொருள் எனக்குப் புதிதல்ல. திருவேற்காட்டில் ஆறு வருடம் நான் இதே மென்பொருளைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்தேன் என்பதும் மரியாதைக்குத்தான்.

அங்கே எங்கள் தனியார் பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில் பன்னிரண்டு கம்ப்யூட்டர். அதில் ஓடுவது ஒன்பது. ஒரு வகுப்புக்கு நாற்பத்தைந்து பிள்ளைகள். ஒருத்தி மவுசைப் பிடிப்பாள், மற்றவர்கள் அவள் தோளில் தொங்கிக்கொண்டு அடுத்த முறைக்குக் காத்திருப்பார்கள். அந்த மென்பொருளில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு சத்தம் வரும். மீன், மாடு, பூ என்று அச்சுப் போலக் குத்தும் முத்திரைகளும் உண்டு. பிள்ளைகளுக்கு அது திருவிழா. ஆனால் பெற்றோர் தினம் வந்துவிட்டால் விளையாட்டு முடிந்தது. "கலர் பிரின்ட் எடுத்து மாட்டணும் மேடம், அசிங்கமா இருக்கக் கூடாது" என்பார் தாளாளர். நான் ஒரே ஒரு படம் வரைவேன். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு வீடு, தென்னை மரம். அதை நாற்பத்தைந்து பிரதி எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பிள்ளையின் பெயரைத் தட்டுவேன். ஒன்றில் சூரியனைச் சிவப்பாக்குவேன், இன்னொன்றில் வீட்டை மஞ்சளாக்குவேன். என்னைப் போல எல்லா டீச்சர்களும் அதைத்தான் செய்தார்கள். யாருக்கும் அது தப்பு என்றே தோன்றவில்லை, எனக்கும்தான்.

இரண்டாம் வகுப்பில் பவித்ரா என்று ஒரு பெண். எங்கள் ஃப்ளாட்டுக்குப் பால் ஊற்றும் செல்வியின் மகள். ஒரு காலத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். நிலமெல்லாம் ஃப்ளாட் ஆன பிறகு இரண்டு மாடு மட்டும் மிச்சம். கூவம் கரையில்தான் அவை மேயும். பவித்ரா ஒரு நாள் ஆற்றை வரைந்தாள். கருப்பு ஆறு. அதன் மேல் வெள்ளை வெள்ளையாக நுரை. மீன் முத்திரையைத் தலைகீழாகத் திருப்பி வரிசையாகக் குத்தியிருந்தாள். கரையில் ஒரு மாடு, அதன் வாயில் நீலக் கவர். "மிஸ், எங்க மாடு" என்று சிரித்தாள். அவள் தினமும் பார்க்கும் ஆறு அப்படித்தான் இருந்தது. நான் "சீ, என்னடி இது கருமம்" என்றேன். அவள் பெயரிலிருந்த கோப்பில் என் மலைகளை ஏற்றினேன். கருப்பு ஆறு போய்விட்டது.

பெற்றோர் தினத்தன்று செல்வி எண்ணெய் வைத்துத் தலை வாரி, கல்யாணப் புடவையில் வந்திருந்தாள். படத்தின் முன்னால் நின்று கண் கலங்கிவிட்டாள்.

"இன்னா மிஸ், எம் பொண்ணா வரைஞ்சுது? ஊட்ல செவுத்துல கிறுக்கிகினே கீதுன்னு நான் அடிச்சிகினு கெடப்பேன்!"

பவித்ரா அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, "இத்த நான் வரையல மா. மிஸ் வரைஞ்சாங்க" என்றாள்.

செல்வி என்னைப் பார்த்தாள். பக்கத்தில் தாளாளர் நின்றுகொண்டிருந்தார்.

"அவதான் வரைஞ்சா" என்றேன்.

பவித்ராவின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது. "அப்போ மிஸ்ஸு பொய் சொல்றாங்களா?" அதற்குப் பிறகு அந்தப் பெண் லேபில் மவுசைத் தொடவே இல்லை. அவள் முறை வந்தால் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துவிடுவாள். நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டுச் சும்மா இருந்தேன். அடுத்த வருடம் கணவருக்கு இங்கே வேலை கிடைக்க, நாங்கள் விமானம் ஏறிவிட்டோம்.

யோனாஸ் திரும்பி வந்து என் பச்சை மரத்தைப் பார்த்ததும் அலறினான். ஃப்ராவ் வேபர் ஓடி வந்தார். "இவங்க பண்ணிட்டாங்க" என்றான் பையன். அந்த அம்மாள் அவனைச் சந்தேகப்படவே இல்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"உதவினேன்" என்றேன்.

"அவன் உதவி கேட்டானா?"

நம் ஊரில் கேட்டால்தான் உதவுவதா? அப்படி நினைத்துக்கொண்டு நின்றேன். நான் ஒப்புக்கொண்டதாக அவர் எடுத்துக்கொண்டார். பையனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். ஆறு வயதுப் பொடியனிடம் நாற்பது வயதுக்காரி! எரிச்சலில் காது சுட்டது. இருந்தாலும் "என்ட்ஷுல்டிகுங்" என்றேன். அவன் பின்னோக்கிய அம்புக்குறியை நாலைந்து முறை அழுத்தினான். நீலம் போனது, பச்சை போனது, இலைகள் போயின. ஊதாக் குச்சி பத்திரமாக இருந்தது. "குட்" என்று சொல்லிவிட்டு வரைய ஆரம்பித்தான். அவ்வளவுதான், முடிந்தது. ஒரு சொல்லில் முடிகிற காரியத்தை நான் பத்து வருடம் சுமந்திருக்கிறேன் என்று நினைத்தபோது என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றியது.

போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது செல்வி வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்தப் பெற்றோர் தினப் படம் தொங்கியது. லேமினேஷனுக்குள் மலைகள் வெளிறியிருந்தன.

"செல்வி, அந்தப் படத்தை வரைஞ்சது நான்தான். அன்னைக்குப் பொய் சொன்னேன். பவித்ரா சொன்னதுதான் உண்மை."

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். "பார்றா! வெளிநாடு போயும் எவ்ளோ அடக்கம் மிஸ்ஸுக்கு! சொல்லிக் குடுத்தது நீங்க, அப்ப நீங்க வரைஞ்ச மாரிதானே? குந்துங்க, காபி போட்டாறேன்."

அவள் உள்ளே போன பிறகு, பன்னிரண்டாவது படிக்கும் பவித்ரா செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல மிஸ்."

"மன்னிச்சுக்கோம்மா" என்றேன். "இப்ப வரையறியா?"

"இல்ல மிஸ். எனக்கு வராதுன்னுதானே நீங்க வரைஞ்சு குடுத்தீங்க." கோபமே இல்லாமல் சொன்னாள். பிறகு சுவரைப் பார்த்து, "ஆமா, இது எந்த ஊரு மலை மிஸ்? இந்தப் பக்கம் எங்கயும் இல்லியே?" என்று கேட்டாள்.

அது தென்காசிப் பக்கம் நான் பிறந்த ஊரில், எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரிகிற மலை. கூவம் கரைப் பிள்ளைகள் நாற்பத்தைந்து பேர் தலையிலும் வருடா வருடம் அதைத்தான் கட்டியிருக்கிறேன். காபி வந்தது, அவர்கள் வீட்டு மாட்டுப் பால். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வந்த மறுநாள் பள்ளி நடைக்கூடத்தில் யோனாஸின் மரத்தை மாட்டியிருந்தார்கள். அதில் என் இலை ஒன்றுகூட இல்லை. திருவேற்காட்டில் ஃப்ளாட்டையும் விற்றாகிவிட்டது. அந்த ஊரில் என்னுடையது என்று மிச்சமிருப்பது செல்வி வீட்டுச் சுவரில் தொங்கும் அந்தப் படம் ஒன்றுதான். அதன் கீழே பவித்ரா, இரண்டாம் வகுப்பு 'பி' என்று எழுதியிருக்கிறது. அந்த எழுத்தைத் தட்டியதும் நான்தான்.