ஐம்பதைத் தாண்டாத டோரீன்

தண்டவாளம் வந்துவிட்டால் டோரீன் ஹெண்டர்ஷாட் வண்டியை நிறுத்திவிடுவாள். ரேடியோவை அணைப்பாள். காற்று வரும் விசிறியை அணைப்பாள். தன் பக்கத்துக் கதவை அகலத் திறந்து ஒரு காதை வெளியே நீட்டுவாள். ரயில் போய் எத்தனையோ வருஷமாகி, கட்டைகளுக்கு நடுவே சூரியகாந்தி பூத்துக் கிடக்கும் தண்டவாளமாக இருந்தாலும் அப்படித்தான். "ஸ்ஸ்! யாரும் மூச்சு விடக்கூடாது!" என்று பின்பக்கம் பார்த்து ஓர் அதட்டல் வேறு. இந்தப் பயணத்தில் பின்னிருக்கையில் ஒரு பெட்டியும், கல்யாணத்துக்கென்று உறை போட்டு மாட்டிய நீலக் கவுனும் மட்டுமே.

இல்லினாய் மாநிலத்தில் டுவைட் என்ற சிற்றூரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள் டோரீன். பிள்ளைகளை ஏற்றிய பேருந்து ரயில் பாதைக்கு முன் நின்று, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்ட பிறகே கடக்க வேண்டும் என்பது சட்டம். அவளுடைய பழைய பியூக் காருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. டோரீனுக்குப் பொருந்தும்.

அறுபதை நெருங்கும் வயது. தோள் அகலம். குரல் கடைசி இருக்கையில் சூயிங்கம் ஒட்டுகிறவனின் கையை அப்படியே நிறுத்திவிடும். தினமும் காலையில் வண்டியைச் சுற்றி வந்து நாலு டயரையும் உதைப்பாள். வண்டியை நிறுத்தி இறங்கியதும் பின்கதவைத் திறந்து, குனிந்து, இருக்கைக்கு அடியில் பார்ப்பாள். யாராவது குழந்தை தூங்கிப்போயிருக்கலாம். தன் சொந்தக் காரிலும் பார்ப்பாள். ஒருமுறை தேவாலயத்துப் பாதிரியார் லிஃப்ட் கொடுத்தபோது அவருடைய காரிலும் பார்த்தாள். சட்டைப் பையில் எப்போதும் பெப்பர்மின்ட் மிட்டாய். அழுகிறவனுக்கு ஒன்று, அழ வைத்தவனுக்கும் ஒன்று. "ரெண்டு வாயும் அடைஞ்சாத்தான் வண்டி ஓட்ட முடியும்" என்பாள்.

அவள் வீட்டு வாசலில் ஓடுவது பழைய அறுபத்தாறாம் சாலை. அதைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனால், ஏழு மாநிலம் தாண்டிக் கலிபோர்னியாவில் கடல். டோரீன் அதில் போனதெல்லாம் பள்ளிக்கூடம் வரைக்கும்தான்.

காரணம் ஒன்று உண்டு. ஐம்பது மைல் வேகத்தைத் தாண்டி அவள் ஓட்டியதே கிடையாது. உரிமம் வாங்கிய புதிதில், தங்கை லோயிஸை உட்கார வைத்துக்கொண்டு பெருஞ்சாலைக்கு ஏறும் சரிவில் போனாள். சரிவின் முடிவில் லாரிகள் சீறிக்கொண்டு போவதைப் பார்த்தாள். காலை பிரேக்கில் வைத்தவள் எடுக்கவில்லை. பின்னால் ஊரே வரிசை கட்டி நின்று ஹாரன் அடித்தது. கடைசியில் அப்பா நடந்து வந்து, அவளைப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிட்டு ஓட்டிப்போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் நன்றியறிதல் நாள் விருந்தில் தவறாமல், வான்கோழியை வெட்டும் நேரத்தில் லோயிஸ் அந்தக் கதையை எடுப்பாள். அப்பா நடந்து வந்த நடையையும் நடித்துக் காட்டுவாள்.

அந்த லோயிஸ் இப்போது கலிபோர்னியாவில், பாசடீனாவில் இருக்கிறாள். மே மாதம் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். மூணாவது. மொத ரெண்டுக்கும் நீ வரல. ரெண்டும் வெளங்கல. இந்தத் தடவ நீ வந்து பக்கத்துல நிக்கலேன்னா நான் 'சரி'ன்னு சொல்லமாட்டேன். பாதிரியார் கேட்டா வாய மூடிக்கிட்டு நிப்பேன்."

"பாவம்டி அந்த மனுஷன்."

"அப்ப ஃப்ளைட் ஏறி வா."

"ஓட்டுறவன் மூஞ்சியக்கூடப் பாக்க முடியாது. அதுல எவ ஏறுவா? நான் கார்ல வரேன்."

மறுமுனையில் லோயிஸ் சிரித்த சிரிப்பில் டோரீன் தொலைபேசியைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. "நீயா? கார்லயா? அப்ப அப்பாவுக்கும் சொல்லிடு, சரிவுல வந்து நிக்கட்டும்!" அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அக்காவும் தங்கையும் சேர்ந்து சிரித்தார்கள். ஆனால் தொலைபேசியை வைத்த பிறகு டோரீன் சிரிக்கவில்லை. நேரே போய் நாலு டயரையும் உதைத்தாள்.

பள்ளி விடுமுறை விட்ட மறுநாளே கிளம்பிவிட்டாள். மிசௌரியின் மேடுபள்ளம், கான்சஸின் மூலை, ஓக்லஹோமாவின் சிவந்த மண் என்று பியூக் நாற்பத்தைந்தில் உருண்டது. பக்கத்திலேயே பெருஞ்சாலையில் உலகம் பறந்துகொண்டிருந்தது. டோரீன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. சிற்றுண்டிக் கடைகளில் பான்கேக் தின்றாள். மோட்டல் வாசலில் ஒளிவிளக்குப் பலகையில் கௌபாய் ஒருவன் தொப்பியைத் தூக்குவதைப் பார்த்து, "உனக்கும் வணக்கம்பா" என்றாள். மாநில எல்லை வந்தால் ஹாரனை அமுக்கினாள். வாழ்க்கையில் பார்க்காத மாடுகளுக்கெல்லாம் கையசைத்தாள்.

டுல்சா நகரத்தைத் தாண்டி ஒரு தண்டவாளத்தில் வழக்கம்போல் நின்று கதவைத் திறந்தபோது, பின்னால் ஐந்து மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. ஐந்தும் இரைச்சலை நிறுத்தின. ஓட்டிவந்தவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். ரயில் ஒன்றும் வரவில்லை. அடுத்த தண்டவாளத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். மறுநாள் டெக்சாசுக்குள் நுழைந்த பிறகும் அவர்கள் கண்ணாடியில் தெரிந்தபோது, டோரீன் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இறங்கி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏம்ப்பா, நேத்துலேர்ந்து என் பின்னாலயே வர்றீங்களே, என்ன சேதி?"

நரைத்த மீசைக்காரர் ஒருவர் பணிவாக முன்னே வந்தார். டோர்ஸ்டைன். நார்வேக்காரர். பெர்கன் நகரத்தில் பல் மருத்துவர். இந்தச் சாலையை ஒருமுறை முழுக்க ஓட்டிவிட வேண்டும் என்று மனைவியோடும் மூன்று நண்பர்களோடும் வாடகை வண்டி எடுத்து வந்திருந்தார்.

"மன்னிக்கணும் மேடம். வரைபடத்தப் பாத்து வந்தா தெனம் வழி தப்புது. உங்க பின்னாடி வந்தா தப்பல."

"மேடமாம் மேடம். டோரீன்னு கூப்பிடு. அது கிடக்கட்டும். தண்டவாளத்துல எல்லாரும் தலைக்கவசத்தக் கழட்டினீங்களே, எதுக்கு?"

அவருடைய மனைவி இஞ்சர் எட்டிப் பார்த்தாள். பெரிய உடம்பு, சிவந்த கன்னம். "இந்த ஊர்ல அது வழக்கம் இல்லயா?"

டோரீன் ஒரு கணம் யோசித்தாள்.

"வழக்கம்தான்," என்றாள். "ஆனா இஞ்சின அணைச்சப்புறந்தான் கழட்டணும். நேத்து ஒருத்தன் மாத்திச் செஞ்சான்."

செந்தாடிக்காரர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். டோரீன் அவருக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தாள்.

அதிலிருந்து அந்தக் கூட்டமே அவளுடைய பள்ளிப் பேருந்தாகிவிட்டது. காலையில் கிளம்பும்முன் விரலை நீட்டி எண்ணுவாள். "பசங்களா, எல்லாரும் ஒண்ணுக்குப் போயாச்சா? வழியில நிறுத்தமாட்டேன்!" அறுபது வயதுப் பல் மருத்துவர் ஒரு நொடி தயங்கிவிட்டு மறுபடி மோட்டலுக்குள் ஓடுவார். மதியம் கறி வறுவல் மலைபோல் வந்தால், தட்டைக் காலி செய்யாமல் ஒருவரும் எழ முடியாது. இஞ்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "எங்க அம்மாகூட இப்படி மெரட்டினதில்ல." "அதான் இப்படி வளந்திருக்கே" என்பாள் டோரீன்.

நியூ மெக்சிகோவில் சாண்டா ரோசாவைத் தாண்டியதும் பழைய சாலை இல்லை. அதன் தலைமேலேயே பெருஞ்சாலையைப் போட்டுவிட்டார்கள். வேறு வழியில்லை, ஏறித்தான் ஆக வேண்டும். இது டோரீனுக்கு ஊரிலேயே தெரியும். தெரிந்ததை யோசிக்காமல் இருப்பதற்காகத்தான் அத்தனை மாடுகளுக்குக் கையசைத்தாளோ என்னவோ.

பியூக் சரிவில் ஏறியது. முடிவு வந்தது. லாரி ஒன்று காரையே உலுக்கிவிட்டுப் போனது. டோரீனின் கால் பிரேக்குக்குப் போனது.

இஞ்சர் இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தாள். "வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. வண்டி தங்கம்." டோரீனின் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை. "எனக்குத்தான் முடியாது. நீங்க போங்க. நான் திரும்பி ஊருக்குப் போறேன்."

"தங்கச்சி கல்யாணம்?"

"அவளுக்கென்ன, பழகிப்போச்சு."

இஞ்சர் சிரிக்கவில்லை. "நான் பைக் ஓட்டக் கத்துக்கிட்டதே போன வசந்தத்துலதான். தெரியுமா? எனக்குச் சாலையே தெரியாது. டோர்ஸ்டைன் முதுகு மட்டும்தான் தெரியும். அதப் பாத்துக்கிட்டே வந்துட்டேன், நார்வேக்காரி, நியூ மெக்சிகோ வரைக்கும். நீ என் முதுகப் பாரு. அவர விட எனக்குப் பெருசு. உலகத்தையே மறைச்சிடும்."

டோரீன் அந்த முதுகைப் பார்த்தாள். பொய்யில்லை.

இஞ்சரும் டோர்ஸ்டைனும் முன்னால், மூவர் பின்னால். பின்னால் வந்தவர்கள் சரிவை அடைத்துக்கொண்டு நின்று, இடைவெளி வந்ததும் கையைத் தூக்கினார்கள். கறுப்புத் தோல் சட்டை முதுகு அசைந்தது. பியூக் அதன் பின்னால் போனது. நாற்பது. நாற்பத்தைந்து. ஐம்பது.

"ஐம்பத்தொண்ணு!" என்று டோரீன் அலறினாள். காரில் யாருமில்லை. "அடியே லோயிஸ், ஐம்பத்தொண்ணுடி!"

அறுபதில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எழுபதில் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போகும்போது பாடும் பாட்டைத் தொண்டை கிழியப் பாடினாள். பியூக்கும் இத்தனை காலம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டதுபோல் ஒரே சீராக உறுமியது. இஞ்சரின் முதுகு மெல்ல மெல்லப் பெரிதானது, பக்கவாட்டுக்கு வந்தது. இஞ்சர் திரும்பிப் பார்த்த முகம் ஜன்னலில் ஒரு கணம் தெரிந்தது, வாய் பிளந்திருந்தது. பிறகு அது கண்ணாடிக்குள் போய்ச் சின்னதாகிவிட்டது.

மாநிலப் போலீஸ்காரர் விளக்கை மினுக்கி ஓரங்கட்டினார். சின்ன வயசு, பெரிய தொப்பி.

"எவ்வளவு வேகத்துல வந்தீங்கன்னு தெரியுமாம்மா?"

"தெரியாது. சொல்லுங்க, சொல்லுங்க!"

"எண்பத்தாறு."

டோரீன் இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "எண்பத்தாறா! தம்பி, அத எழுதிக் குடுத்துடுங்க. அபராதம் எவ்வளவு வேணா போடுங்க. நம்பர மட்டும் பெருசா எழுதுங்க. என் தங்கச்சி நம்பவே மாட்டா."

அதற்குள் ஐந்து பைக்குகள் வந்து பின்னால் வரிசையாக நின்றன. ஐவரும் இஞ்சினை அணைத்து, பிறகு தலைக்கவசத்தைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்கள். போலீஸ்காரர் அவர்களைப் பார்த்தார். டோரீனைப் பார்த்தார். தொப்பியைச் சரி செய்தார்.

"எச்சரிக்கை மட்டும்தான்மா. எழுதறதுக்கெல்லாம் ஒண்ணுமில்ல. எழுபத்தஞ்சுல போங்க." கிட்டத்தட்ட ஓடியேவிட்டார்.

"ஒரு காகிதத்துக்கு வழியில்ல!" என்று டோரீன் அரிசோனா முழுக்கப் புலம்பினாள்.

கல்யாணம் சனிக்கிழமை பிற்பகல். பாலைவனத்தைக் கடந்து சான் பெர்னார்டினோவுக்கு வந்தபோது மதியமே ஆகிவிட்டது. அங்கிருந்து பழைய சாலை பாசடீனா வரைக்கும் ஊருக்குள்ளேயே போகிறது. சிக்னல், அதைத் தாண்டினால் இன்னொரு சிக்னல். ஏழாவது சிவப்பில் டோரீன் கடிகாரத்தைப் பார்த்தாள். வலது பக்கம் ஒரு பச்சைப் பலகை, பெருஞ்சாலைக்கு அம்பு காட்டியது. லாஸ் ஏஞ்சலஸை நோக்கிப் போகும் அந்தச் சாலையில் இத்தனை வரிசை, அத்தனை கார். டோர்ஸ்டைன் பக்கத்தில் வந்து, "நாங்க முன்னாடி போகட்டுமா?" என்று சைகை செய்தார்.

டோரீன் ஜன்னலை இறக்கினாள். "வேணாம். என் பின்னாடி வாங்க. யாரும் வரிசைய உடைக்கக்கூடாது."

சரிவில் ஏறும்போது அவள் கால் பிரேக்கின் பக்கம் போகவேயில்லை.

பாசடீனாவில் எலுமிச்சை மரங்கள் நின்ற ஒரு கொல்லைப்புறத்தில் மடக்கு நாற்காலிகள் நிறைந்துவிட்டன. மாப்பிள்ளை ஹாலிஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பாதிரியாரோடு நின்றிருந்தார். பெண் வாசலிலேயே நின்றாள், உள்ளே வர மறுத்து. தெருமுனையில் கேட்ட இரைச்சலுக்கு நாய்களெல்லாம் குரைத்தன. பழைய பியூக் ஒன்று வந்து நின்றது. அதன் பின்னால் தூசியும் தோல் சட்டையுமாக ஐந்து நார்வேக்காரர்கள்.

லோயிஸ் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அழுகையும் திட்டுமாக வந்தது. "எங்க போய்த் தொலஞ்சே? நேரமாச்சுன்னு எல்லாரும் என்ன மொறைக்கிறாங்க! பொடி நடையா ஒவ்வொரு சிக்னலா உருட்டிக்கிட்டு வந்தியா? யாருக்கா இவங்கள்லாம்?"

டோரீன் வண்டியிலிருந்து இறங்கி, தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக் காரின் முன்பக்கத்துக்கு இழுத்துப்போனாள். அவளுடைய வெள்ளைக் கையுறையை உருவினாள். லோயிஸின் வெறும் உள்ளங்கையை, பெருஞ்சாலையில் பறந்துவந்த பானெட்டின் மேல் வைத்தாள்.

"ஆ! சுடுதுக்கா!"

டோரீன் தன் கையை அந்தக் கையின் மேல் வைத்து, எடுக்க விடாமல் அழுத்திக்கொண்டாள்.