பச்சை வயருக்கு வேலையில்லை

எங்கள் முதலாளி புதிய ஃபேனை வாங்கி வந்த நாளில், துறைமுகத்துக்கு வெளிநாட்டுக் கப்பல் வந்ததுபோல ஓர் ஆரவாரம். வேலைத்தளங்களில் வைக்கிற பெரிய ஃபேன் அது. இரும்பு உடம்பு, இரும்புக் கூடு, தூக்கிப்போக ஒரு கைப்பிடி. படகு திருத்துகிற எங்கள் வாடியில் அதுவரைக்கும் காற்று வேண்டுமென்றால் கடல் பக்கம் திரும்பி நிற்க வேண்டியதுதான்.

அந்த ஃபேனை நம்பி உள்ளே இறங்குகிறவர் என் வீட்டுக்காரர். நாள்கணக்கில் கடலில் நின்று மீன்பிடிக்கிற பலநாள் படகின் ஐஸ் அறைக்குள் ஃபைபர் ஒட்டுவது அவர் வேலை. மேல்தட்டில் இருந்து ஃபைபர் துண்டு வெட்டி, ரெசின் பசை தடவிக் கீழே நீட்டுவது என் வேலை. லிங்கநகரில் இருந்து ஒரே மோட்டார் சைக்கிளில் வருவோம், ஒரே மணத்தோடு திரும்பிப் போவோம். ஐஸ் அறைக்கு ஒரு வாய்தான் உண்டு. ரெசின் ஆவி உள்ளே தங்கினால் தலை சுற்றும், கண் எரியும். மூக்குக்குப் போட என்று முதலாளி தந்தது கொரோனாக் காலத்தில் மிச்சப்பட்ட மாஸ்க். ஆகவே ஃபேனை வாசலில் வைத்து வெளிக்காற்றை உள்ளே அடித்தால்தான் போன மனிதர் மனிதராகத் திரும்பி வருவார்.

ஃபேன் வந்த பெட்டியில் படங்கள் இருந்தன. கூட்டுக்குள் போகிற விரலுக்கு மேல் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர்த் துளிக்கு மேல் இன்னொரு சிவப்புக் கோடு. எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கட்டும் என்று யாரோ கஷ்டப்பட்டு வரைந்திருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு எங்கள் முதலாளியைத் தெரியாது.

அவர் செய்த முதல் வேலை பிளக்கை வெட்டியதுதான். ஃபேனின் பிளக்குக்குச் சதுரக் கால்கள், வாடிச் சுவரில் இருப்பது உருண்டைத் துளைகள். இரண்டையும் சேர்த்து வைக்கிற சாமான் டவுனில் எந்தக் கடைக்குப் போனாலும் வாசலிலேயே தொங்கும். அதெல்லாம் சாதாரண ஆட்களுக்கு. முதலாளி பிளையரை எடுத்து, வயரின் தோலை உரித்து, இரண்டு வயரைத் துளைகளுக்குள் விட்டு, விழாமல் இருக்க நெருப்புக்குச்சிகளால் இறுக்கினார். பச்சை வயர் மிஞ்சியது.

"இதுக்கு வேலையில்லை தங்கச்சி. ரெண்டிலயே சுத்துதுதானே" என்று அதை அடியோடு வெட்டினார்.

"முதலாளி, அது எர்த் வயர். ஃபேன்ர இரும்பில கரண்ட் கசிஞ்சா அதுதானே ஆளைக் காப்பாத்துறது."

"எனக்குப் படிப்பிக்காதேங்கோ. இந்த வாடிக்கு வயர் இழுத்தது நான்தான்."

என் பயமும் அதுதான். கரண்ட் கசிந்தால் தானே விழுகிற ட்ரிப் சுவிட்ச் ஒன்றும் வாடியில் இருந்தது. மாரி காலத்தில் அது அடிக்கடி விழுந்து வேலையைக் குழப்புகிறது என்று அதையும் ஒதுக்கிவிட்டு, நேரே கரண்ட் எடுத்திருந்தார். கள்ளனைக் கண்டு குரைக்கிற நாயை, சத்தம் போடுகிறது என்று அடித்துக் கலைக்கிற ஆள் அவர்.

என் வீட்டுக்காரர் ஐஸ் அறையில் இருந்து ஏறுகிற விதத்தைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. வியர்வையில் தோய்ந்து வருவார். ஒரு கையால் ஃபேனின் கைப்பிடியைப் பிடிப்பார், மற்றக் கையைப் படகில் வெளியே சாத்தியிருக்கிற இரும்பு ஏணிக்குக் கொடுப்பார். ஏணியின் கால் கீழே கடல் ஈரம் ஊறிய மணலில் புதைந்து நிற்கும். வீட்டில் சோறு போடும்போதெல்லாம் சொன்னேன். "ஃபேனைப் பிடிச்சு ஏறாதேங்கோ."

"ஓம், ஓம்" என்பார். கல்யாணம் செய்த நாளில் இருந்து எனக்குக் கிடைத்த ஓம்களில் பாதி இந்த வகை.

பிறகு வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளி காலையில் முதலாளி வாடியில் உள்ள எல்லா மெஷினுக்கும் மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சந்தனப் பொட்டு வைப்பார். நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்கள் தலையிலும் இரண்டு துளி விழும், துடைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்போம். புது ஃபேனுக்கு அது முதல் வெள்ளி. அது படகின் மேல்தட்டில், ஏணிக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் உள்ளே இருந்தார். முதலாளி பக்தியோடு செருப்பைக் கழற்றிவிட்டுச் செம்பும் கையுமாக ஏணியில் ஏறினார்.

"முதலாளி, அதுக்குத் தண்ணி படக் கூடாது. பெட்டியில படமே போட்டிருக்கு."

"அது மழைத் தண்ணிக்குப் போட்ட படம். இது மஞ்சள் தண்ணி."

ஃபேனின் பின்பக்கம், மோட்டார் இருக்கிற இடமாகப் பார்த்துத் தாராளமாகத் தெளித்தார். செம்பைப் படகின் மேல்தட்டில் வைத்தார். ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் ஃபேனின் உடம்பில் பொட்டு வைத்தார். வைத்த கை திரும்பி வரவில்லை.

அவர் கத்தவில்லை. பல் கிட்டி, உடம்பு உதற, கண் என்னையே பார்த்தபடி நின்றது. அந்தக் கண்ணை இன்றைக்கும் மறக்க ஏலவில்லை. எனக்குப் பக்கத்தில் காய்ந்த மரத் துடுப்பு ஒன்று கிடந்தது. எடுத்து அவர் மணிக்கட்டில் போட்டேன். உயிரைக் காப்பாற்றத்தான் அடித்தேன். ஆனால் அந்தக் கிழமை முழுக்கச் சேர்ந்த கோபமும் அந்த அடியோடு போயிருக்கலாம். முதலாளி கை விடுபட்டுக் கீழே வலைக் குவியலில் போய் விழுந்தார்.

ஃபேன் ஒன்றும் நடக்காததுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன சத்தம்?" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. குரலுக்குப் பின்னால் கை வந்தது. வியர்வையில் பளபளத்துக்கொண்டு, வழக்கம்போலக் கைப்பிடியைத் தேடிக்கொண்டு வந்தது. துடுப்பை நடுவில் குறுக்கே போட்டேன். "தொடாதேங்கோ" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. கை அந்தரத்தில் நின்றது. கீழே நின்ற வேலையாட்கள் ஓடிப்போய் மெயினை நிப்பாட்டும்வரை நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மேல்தட்டில் குந்தியிருந்து அழுதேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன முதலாளி கையில் கட்டோடு திரும்பி வந்தார். கரண்டால் வந்த காயம் சின்னதாம், வீக்கம் முழுக்கத் துடுப்பால் வந்ததாம். "மஞ்சள் தண்ணி தெளிச்சபடியாத்தான் தப்பினன்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். என்னிடம், "தங்கச்சி, கொஞ்சம் மெல்லமா அடிச்சிருக்கலாம்" என்றார்.

அடுத்த வெள்ளி துடுப்புக்கும் ஒரு பொட்டு வைத்தார். அதோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். அதே இரண்டு வயரை, அதே நெருப்புக்குச்சியோடு திரும்பச் செருகி ஃபேனைப் போட்டார். "வெயிலில வைச்சுக் காய வைச்சாச்சு. இனி ஒரு பிரச்சினையும் இல்லை. இறங்குங்கோ தம்பி" என்றார். எங்கள் வீட்டு ஓம்காரரும் ஐஸ் அறைக்குள் ஒரு காலை வைத்தார்.

நான் ஏணியால் இறங்கினேன். முதலில் மெயினை நிப்பாட்டினேன். நான் கோபக்காரிதான், விசரி இல்லை. சொக்கெட்டில் இருந்து வயரை இழுத்தெடுத்தேன். முதலாளியின் பிளையரை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, மிச்சமிருந்த இரண்டு வயரையும் ஃபேனின் உடம்போடு ஒட்ட வெட்டினேன்.

"என்ன வேலை செய்து போட்டீங்கள்?" என்று முதலாளி கீழே இருந்து கேட்டார். "இனி இது எப்பிடிச் சுத்தும்?"

"பச்சை வயர் இல்லாம ஃபேன் சுத்தும் எண்டு கண்டுபிடிச்சீங்கள். என்ர மனிசன் இல்லாம நான் என்ன செய்வன் எண்டு ஒரு நாளாவது யோசிச்சனீங்களா முதலாளி?"

அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, ஓம் என்று சொல்லாமல் நான் சொன்னதைக் கேட்டார்.