சுவரில் இருந்த முதல் மாணவி

நேற்று எதிர்வீட்டு கேட்டுக்கு எனாமல் பெயின்ட் அடித்தார்கள். அந்த வாசனை வந்ததும் எனக்குப் பிடரி சில்லிட்டது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எண்பதுகளின் பின்பாதி. ப்ளஸ் டூ கணக்கில் நான் இருநூற்றுக்கு இருநூறு. கிழக்குத் தாம்பரத்தில் நான் படித்த டுடோரியலில், முதலாவதாக வந்தவரின் முகத்தை ரோட்டோரச் சுவரில் பெரிதாக வரைவார்கள். பெயின்டர் பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்து என்னை வரைந்தார். ரெட்டைச் சடை, பொட்டு எல்லாம் சரி. கண்கள் மட்டும் போட்டோவில் இல்லாத கூர்மையோடு, எந்தப் பக்கம் நின்றாலும் நம்மையே பார்த்தன.

கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்கு. தமிழ் மீடியத்திலிருந்து போனவளுக்கு போர்டில் எழுதியது புரிந்தது, இங்கிலீஷில் பேசியது புரியவில்லை. இருநூறு வாங்கியவள் எழுந்து சந்தேகம் கேட்பதா? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானைகூட இல்லை. முதல் செமஸ்டரிலேயே அரியர். இன்னொரு தடவை ஃபெயிலானால் படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போகவேண்டும். மழையில் சுவர் முழுக்கப் பாசி பிடித்தது, முகத்தில் மட்டும் பிடிக்கவில்லை. வீட்டில் படிக்க உட்கார்ந்தால் முதுகுப் பக்கம் எனாமல் வாசனை வரும். சுவரில் இருப்பவள்தான் படிக்கிறாள், நான் புத்தகத்தைச் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும். நிஜமாகவே பயந்தேன். சிட்லபாக்கம் ஏரிக்கரை வழியாகச் சுற்றிப்போக ஆரம்பித்தேன்.

அடுத்த ஜூனில் வகுப்புத் தோழி மேரி என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

“வந்து பாருடி, உனக்கு மீசை மொளச்சிருக்கு.”

சடைகள் கிராப்பாகியிருந்தன. மெல்லிய மீசை. கீழே முரளி என்று அந்த வருஷம் முதலாவதாக வந்தவனின் பெயர். கண்கள் என்னுடையவை.

ஏணியில் நின்ற பெயின்டர் சொன்னார்: “கண்ணு அம்சமா வந்துகிச்சும்மா. அழிக்க மன்சு வரல.”

என் கண்களே என்னை யாரோ என்பதுபோலப் பார்த்தன. ஆனால், தலையிலிருந்து ஒரு சுமை இறங்கியது போல இருந்தது. மறுநாள் வகுப்பில் எழுந்து, “சார், புரியல. மொதல்லேருந்து சொல்லுங்க” என்றேன். பிறகு தினமும் வகுப்புக்கு முன்னால் மேரியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். ரேங்க் எல்லாம் வரவில்லை. அரியர் போனது, கல்யாணப் பேச்சும் போனது.

இன்ஜினியரிங் சேர்ந்திருந்த முரளியை ஒருநாள் ஏரிக்கரையில் பார்த்தேன். கல்லூரிக்குப் போகிற பையன், சுற்று வழியில் தலையைக் குனிந்தபடி நடந்துகொண்டிருந்தான்.

அந்த வருஷத்தோடு டுடோரியலை மூடிவிட்டார்கள். முகம் மட்டும் சுவரில் நின்றது. அம்மா மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த மீசைக்காரன் எதிரே நின்று கண்களைப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். நான் டிகிரி வாங்கிய பிறகும் அதை விடவில்லை.

“எதுக்கும்மா? நான்தான் வீட்லயே இருக்கேனே” என்றேன்.

அம்மா காய்களைக் கூடையில் கொட்டியபடி சொன்னாள்: “நீ வேறடி, அவ வேற.”

ரோட்டை அகலப்படுத்தியபோது சுவர் போயிற்று. அம்மாவும் போய்விட்டாள். சுவரில் இருந்தவளைப் போய்ப் பார்த்துவிட்டு வர இனி யாரும் இல்லை.