பின்னால் வரும் அறை

என் கணவர் தினமும் காலையில் ஒரே விளம்பரத்தைத்தான் வாசிப்பார். தமிழ்க் கடையில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகையின் கடைசிப் பக்கம் அது. வீடு வாங்க, விற்க என்று கோட் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்பார். அந்தப் பக்கத்தை மேசையில் விரித்து, இரவு தன் வயிற்றிலிருந்து வடிந்த திரவப் பையை அதன்மேல் வைத்து, பையூடாக எழுத்துத் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் எல்லாம் சரி. கலங்கலாக இருந்தால் வயிற்றுக்குள் கிருமி போய்விட்டது என்று அர்த்தம்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, ஒவ்வொரு இரவும் கனடாவில், அஜக்ஸ் நகரில், எங்கள் படுக்கையறையில் ஒரு மெசின் அவருடைய வயிற்றுக்குள் சுத்தமான திரவத்தை விட்டு, அழுக்கோடு திரும்ப எடுக்கிறது. டயாலிசிஸ்தான், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே செய்வது. குழாயைப் பூட்டும்போது கதவு சாத்தியிருக்க வேண்டும், காற்றாடி ஓடக்கூடாது, கை கழுவி, முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் இதையெல்லாம் கண்ணும் கருத்துமாகச் செய்தோம். பிழை நடந்தது மொன்றியலில். ஒரு கலியாணத்துக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். வீடு நிறையச் சனம். குழாய் பூட்டுகிற நேரம் பார்த்து ஒருவர் மாறி ஒருவர் கதவைத் திறந்து "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டார்கள். எல்லாம் அன்புதான். அந்த அன்பில் வயிற்றுக்குள் கிருமி போய் அவர் இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அதற்குப் பிறகு அவர் தன் அறையை விட்டு வேறெங்கும் ஓர் இரவுகூடப் படுக்கவில்லை. கார் ஓட்டத்தில் இரண்டு நாள் தூரத்தில், ஹாலிஃபாக்ஸில் இருக்கும் எங்கள் மகளுக்கு மாரிகாலத்தில் ஆண்குழந்தை பிறந்தது. முதல் பேரன். குழந்தைக்குப் பயணம் செய்கிற வயதில்லை, மகளுக்கு லீவும் இல்லை. இவர் போனில் குழந்தையைப் பார்ப்பார், இரண்டு தரம் நாக்கைச் சொடுக்குவார், போனை என்னிடம் தந்துவிட்டு எழும்பிப் போய்விடுவார். அவர் போகிற அந்த விதம் எனக்குத் தாங்கவில்லை. பாவம் என்று ஒருபக்கம் இருந்தது, ஆத்திரம் அதைவிடக் கூடுதலாக இருந்தது.

ஒருநாள் கேட்டே விட்டேன். "பேரனைத் தூக்கிற எண்ணம் இருக்கோ இல்லையோ?"

"என்ர அறையை விட்டு நான் எங்கையும் வரமாட்டன். மொன்றியலில பட்டது காணும்."

"அப்ப அறையையும் கொண்டுபோவம்."

நான் பகிடி விடுகிறேன் என்று அவர் நினைத்தார். அந்தக் கிழமையே பக்கத்து ஊரான விட்பியில் ஒரு வயதான தம்பதியிடம், காருக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளே தங்கக்கூடிய பாவித்த ட்ரெயிலர் ஒன்றைப் பேசி முடித்தேன். உள்ளே கதவு சாத்தக்கூடிய சின்னப் படுக்கையறை, கை கழுவத் தொட்டி, மெசின் வைக்க அலுமாரித் தட்டு. சாப்பிட்டாச்சோ என்று கேட்க ஒருவரும் உள்ளே வரமுடியாது. அதுதான் எனக்குப் பிடித்தது.

இவர் அதைச் சுற்றிப் பார்த்தார். படுக்கையறைக் கதவைச் சாத்தித் திறந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "கிட்ட ஒரு இடத்துக்கு ஒருக்கா வந்து பாக்கிறன். ஏதும் பிழை வந்தால், இனி என்னை எங்கையும் கூப்பிடக்கூடாது. சரியோ?"

சரி என்றேன். ஆகவே எனக்கு இருந்தது ஒரே ஒரு தவணை, ஒரே ஒரு வாய்ப்பு.

ட்ரெயிலர் இருந்தது, அதை இழுக்கக் கார் இல்லை. எங்கள் சின்னக் கார் அதைக் கண்டாலே அழுதுவிடும். எங்கள் குடும்பத்தில் கார் என்ற பேச்சு எடுத்தால் என் அண்ணையைத்தான் கூப்பிட வேண்டும். பிக்கரிங்கில் இருக்கிறார். நான் பாடசாலை பஸ் ஓட்டுகிறவள். தினமும் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளைப் பனியிலும் மழையிலும் ஏற்றி இறக்குகிறேன். ஆனாலும் கார் வாங்குவதற்கு அண்ணைதான் வரவேண்டும்.

வந்தார். கார் விற்கிற இடம் ஒன்றில் பளபளவென்று ஒரு எஸ்.யூ.வி.யைக் கண்டுபிடித்தும் வைத்திருந்தார். மூன்று வரிசை இருக்கை, கூரையில் கண்ணாடி.

"ஐயாயிரம் இறாத்தல் இழுக்கும் தங்கச்சி. உன்ர பெட்டி நாலாயிரம். பிறகென்ன? ஏழு சீற் கிடக்கு. நாங்களும் ஹாலிஃபாக்ஸ் வாறம். அண்ணி புட்டு அவிச்சுக்கொண்டு வருவா."

நான் ஓட்டுநர் கதவைத் திறந்து கீழே குந்தினேன். விற்பனைக்காரர் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துத் தானும் நிலத்தைத் தேடினார். நான் தேடியது கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரை. கார் இழுக்கும் பாரம் ஒன்று, கார் தன்மேல் தாங்கும் பாரம் வேறொன்று. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது முதலாவதை. ஏறுகிற ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்பது அந்தச் சின்ன ஸ்டிக்கரில் இருக்கும். ட்ரெயிலரும் சும்மா பின்னால் உருண்டு வருவதில்லை. தன் மூக்கைக் காரின் பின்பக்கத்தில் ஊன்றிக்கொண்டுதான் வரும். நாலாயிரம் இறாத்தல் ட்ரெயிலரின் மூக்கு ஐந்நூறு இறாத்தல் அளவில் அழுத்தும். அதையும் ஆட்களோடு சேர்த்துக் கூட்ட வேண்டும். இந்தக் காரின் ஸ்டிக்கரில் இருந்தது ஆயிரத்து இருநூறு.

"மூக்குப் போக மிச்சம் எழுநூறு. ஏழு பேர் ஏறினால் எவ்வளவு வரும் அண்ணை?"

"உதெல்லாம் சும்மா பயத்துக்கு ஒட்டிறது. ஊர்ச்சனம் முழுக்க எங்கட வேனிலதானே நயாகரா பாத்தது?"

அது உண்மைதான். எங்கள் ஆட்களின் பயணம் என்றால் வாகனத்தில் இடம் இருக்கும்வரை ஆள் ஏற்றுவோம். இடம் முடிந்தால் மடியில் சட்டியை ஏற்றுவோம். இடமில்லை என்று சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணையும் அண்ணியும் சாப்பிட வந்தபோது குளியலறைத் தராசை எடுத்து வந்து வரவேற்பறை நடுவில் வைத்தேன். "வாறவை ஏறுங்கோ" என்றேன். அண்ணி சோற்றுக்கோப்பையோடு குசினிக்குள் போனவர் திரும்பி வரவேயில்லை. அண்ணை ஏறினார், ஏறிய வேகத்தில் இறங்கி, தராசு பிழை என்றார். நான் மருந்துத் திரவப் பெட்டி ஒன்றைத் தூக்கித் தராசில் வைத்தேன். ஹாலிஃபாக்ஸ் போய்த் திரும்ப எத்தனை பெட்டி வேண்டும் என்று சேர்த்துச் சொன்னேன். இரண்டு வளர்ந்த ஆட்களின் பாரம் வந்தது.

கணவர் மூலைக் கதிரையிலிருந்து சொன்னார்: "நானும் என்ர தண்ணியும் மூண்டு ஆள். அதுக்குத்தான் சொல்லுறன், விடும் உந்தக் கதையை."

"விடேலாது. அண்ணை, நீங்கள் வரேலாது. இடமில்லை."

சொல்லிவிட்டேன். அண்ணையின் முகம் கறுத்துப்போனது. மச்சானைப் பார்த்தார், என் கணவரோ தராசில் இருந்த பெட்டியைப் பார்த்தார். அண்ணி குசினிக்குள்ளிருந்து, "நாங்கள் என்ன, வழிதெருவில நிண்டு கெஞ்சினனாங்களோ?" என்றார். கறிவேப்பிலையாகத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று பிறகு தமிழ்ச்சனம் நிறைந்த ஸ்காபரோவில் பாதிக்கும் கதை போனது. எனக்கு வருத்தம்தான். ஆனால் அவர்களைச் சமாதானம் செய்து ஏற்றினால் ஏறாமல் நிற்பது மருந்துப் பெட்டிகளாகத்தான் இருக்கும்.

நான் வாங்கியது வேறொரு எஸ்.யூ.வி. பழையது, மண்ணிறம், எண்ணெய் குடிக்கும். ஆனால் லொறி மாதிரி அடிச்சட்டம், பெரிய எஞ்சின், ட்ரெயிலரைக் கொழுவக் கம்பனியே பூட்டிவிட்ட கொக்கி. ஸ்டிக்கரில் எங்கள் இருவருக்கும் பெட்டிகளுக்கும் தேவையானதற்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது. அதோடு விடவில்லை. ட்ரெயிலரின் பிரேக்கைக் காருக்குள் இருந்தே பிடிக்க ஒரு சின்னப் பெட்டியைச் சுக்கானுக்குக் கீழே பூட்டுவித்தேன். பக்கக் கண்ணாடிகளைக் கழற்றி நீளக் கை வைத்தவற்றைப் போட்டேன். பின் ரயர்களை மாற்றினேன். மூன்றாவது வரிசை இருக்கையைக் கழற்றிக் கராஜுக்குள் வைத்தேன். அதன் பாரமும் குறையட்டும், ஆசைப்பட்டு ஒருவரும் அதில் ஏறவும் வேண்டாம்.

மாலைகளில், மூடிய கடைத்தொகுதி ஒன்றின் வெறும் கார்த் தரிப்பிடத்தில் பின்னுக்கு எடுத்துப் பழகினேன். ட்ரெயிலரைப் பின்னுக்குத் தள்ளும்போது சுக்கானைத் திருப்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அது போகும். பஸ் ஓட்டிய கைக்கு இது பெரிய அவமானம். வண்டி மடங்கி மடங்கி நின்றது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். ஒருநாள் இரண்டு கோட்டுக்கு நடுவே நேராகப் போய் நின்றது. அன்றைக்கு நான் காருக்குள் தனியாக இருந்து கைதட்டினேன்.

மே மாத நீண்ட வார இறுதிக்கு, பிரைற்றனுக்குக் கிட்ட ட்ரெயிலரோடு தங்கக்கூடிய ஏரிக்கரைப் பூங்காவில் மின்சாரம் உள்ள இடமாகப் பதிவு செய்தேன். ஓரிரண்டு பெட்டிகள் போதும். ஆனால் சோதனை என்றால் முழுச் சோதனை என்று, ஹாலிஃபாக்ஸுக்குத் தேவையான அத்தனை பெட்டிகளையும் ட்ரெயிலரில் சக்கரச் சில்லுகளுக்கு மேலும் முன்பக்கமுமாக அடுக்கினேன்.

புறப்படும் காலையில் அண்ணை வந்தார். கோபம் ஆறியிருந்தது, அல்லது ஆறியதாகக் காட்டினார். நான் மெசினை உறையில் போட வீட்டுக்குள் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் வியர்த்துப்போய் ட்ரெயிலரிலிருந்து இறங்கினார். "எல்லாம் சரி, போயிட்டு வாங்கோ" என்றார். நான் பஸ்ஸைச் சுற்றிப் பார்ப்பதுபோல வெளியே எல்லாம் பார்த்தேன். கொக்கி, சங்கிலி, வெளிச்சம், ரயர். உள்ளே பார்க்கவில்லை. உள்ளே அடுக்கியது நான்தானே.

401 நெடுஞ்சாலையில் போமன்வில் ஊரைத் தாண்டியதும் காற்று பிடித்தது. ஒரு பெரிய லொறி எங்களைக் கடந்து போனது. கண்ணாடியில் ட்ரெயிலர் இடதுபக்கம் எட்டிப் பார்த்தது, பிறகு வலதுபக்கம், பிறகு இன்னும் கூடுதலாக இடதுபக்கம். நாய் வாலாட்டுவதுபோல எங்களையும் சேர்த்து ஆட்டத் தொடங்கியது. கணவர் மேற்பிடியைப் பிடித்தார். பிரேக்கில் காலை வைக்கச் சொல்லி உடம்பு முழுவதும் கத்தியது. வைக்கவில்லை. வேகம் கூட்டும் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தேன். சுக்கானை நேராகப் பிடித்தேன். கீழே பூட்டிய பெட்டியின் விசையை மெதுவாகத் தள்ளி ட்ரெயிலரின் பிரேக்கை மட்டும் பிடித்தேன். அது இன்னும் இரண்டு தரம் ஆடியது. பிறகு அடங்கிப் பின்னால் வந்தது.

அடுத்த வெளிவழியில் இறங்கி ஒரு கோப்பிக் கடைத் தரிப்பிடத்தில் நிறுத்தினேன். ட்ரெயிலர்க் கதவைத் திறந்தால், என் பெட்டிகள் எல்லாம் பின்சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தன. அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"மூக்கு அழுத்தக்கூடாதெண்டு நீதானே சொன்னனீ? அதுதான் பாரத்தைப் பின்னுக்கு மாத்தினனான். முதுகு நாரியெல்லாம் முறிஞ்சுபோச்சு" என்றார்.

கத்த வேண்டும் போல இருந்தது, கத்த முடியவில்லை. மூக்கு அழுத்தத்தான் வேண்டும், அளவோடு அழுத்த வேண்டும், பின்பக்கம் கனத்தால் வால் ஆடும் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. இடமில்லை என்று சொல்ல மட்டும்தான் எனக்கு நேரம் கிடைத்தது.

போனை வைத்தேன். கணவர் இறங்கி வந்து நின்றார். இனி என்ன, ஒரே தவணையும் போய்விட்டது என்று நினைத்தேன்.

"வீட்டுக்குத் திருப்பட்டோ?" என்றேன்.

"உம்மட கை நடுங்கேல்லை" என்றார்.

"வண்டி ஓடேக்கை நடுங்கேலாது. இப்ப பாருங்கோ." இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன்.

அவர் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். வயிற்றில் குழாய் வைத்த நாள்முதல் அவர் பாரம் தூக்கக்கூடாது. அதனால் ட்ரெயிலருக்குள் எட்டிப் பார்த்து வாயால் வேலை செய்தார். "அதைச் சில்லுக்கு மேல வையும். மற்றதை இன்னும் முன்னுக்கு. வெளிச்சம் இருக்கேக்கை போய்ச் சேரவேணும்."

"ஏதும் பிழை வந்தால் எண்டு சொன்னனீங்கள்."

"பிழை விட்டது உம்மட அண்ணை. அது கணக்கில வராது."

பெட்டிகளை ஒவ்வொன்றாக நான் முன்னுக்கு மாற்றினேன். மிச்ச வழி முழுவதும் ட்ரெயிலர் அசையவில்லை. ஏரிக்கரையில், நான் பழகியபடியே இரண்டு மரத்துக்கு நடுவில் பின்னுக்குத் தள்ளி நிறுத்தினேன். அவர் கதவைச் சாத்தினார், கையைக் கழுவினார், குழாயைப் பூட்டினார். காலையில் பையூடாக விளம்பரத்தை வாசித்தார். ஆனால் கிருமி என்றால் உடனே காட்டாது, சில நாள் பொறுத்துத்தான் காட்டும். அது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆகவே சந்தோஷப்படத் துணியாமல் வீட்டுக்கு வந்தோம்.

அந்தக் கிழமை தினமும் காலையில் நான் பஸ்ஸுக்குப் புறப்படுமுன் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் பையைப் பத்திரிகைமேல் வைப்பார். கோட் போட்டவர் சிரிப்பார். "வீடு வாங்க, விற்க" என்று சத்தமாக வாசிப்பார். வயிற்றில் நோவில்லை, காய்ச்சல் இல்லை. கிழமை முடிந்த சனிக்கிழமை, எழுத்து வழமையைவிடத் தெளிவாகத் தெரிந்தது, அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. அவர் பையை எடுத்து வைத்துவிட்டு, "போனைத் தாரும்" என்றார்.

தானாக மகளுக்கு எடுத்தார். குழந்தை அவள் மடியில் இருந்தான். இவர் நாக்கைச் சொடுக்கவில்லை.

"பிள்ளை, உங்கட வீட்டுக்கு முன்னால ட்ரெயிலர் விட இடம் இருக்கோ?"

"வாட்? அப்பா... யூ மீன்... நீங்களோ? நீங்கள் வாறீங்களோ?"

போன் சரிந்து குழந்தையின் காலும் கூரையும் தெரிந்தன.

"அழாதை" என்றார் அவர். "இடம் இருக்கோ எண்டு சொல்லு. பிளக் ஒண்டும் வேணும், மெசினுக்கு."