கம்பத்துக்குச் சற்று மேலாக

என்னைக் கட்டிய மாப்பிள்ளை ஜவ்பரை எங்கள் ஊரில் இப்போது ஒருவருக்கும் கண்ணில் காட்டக் கூடாது. களவெடுத்தாரா, யாருடைய காணியையாவது பிடித்தாரா என்றால் அதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி பத்திரிகையில் எழுதினார். இந்தக் கடற்கரையில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது என்பது எனக்கு 2018 உலகக் கிண்ணத்தோடுதான் தெரிந்தது.

ஊர் புத்தளத்துப் பக்கம், கனமூலைக்குக் கிட்ட, களப்போரம். பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பக்கம் தென்னந்தோட்டம், மறுபக்கம் இறால் பண்ணை, நடுவில் மைதானம். அவ்வளவுதான் ஊர்.

ஜவ்பருக்குச் சோறு போடுவது மதுரங்குளிச் சந்தியில் உள்ள போட்டோக்கொப்பிக் கடை. அவருக்குச் சோறு இறங்க வைப்பது பந்து. கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு இருபது வருஷமாக உதைபந்தாட்டச் செய்தி எழுதுகிறார். கற்பிட்டியில் மேட்ச் என்றால் கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிடுவார். எங்கள் கல்யாணம் நடந்த கிழமையே உடப்பில் ஓர் அரையிறுதி. புதுமாப்பிள்ளைச் சேர்ட்டோடு போய் எழுதிவிட்டு, புழுதியோடு வந்து நின்றார். அன்றைக்கே நான் மூட்டையைக் கட்டியிருக்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோல் போட்டவனின் பெயர் வரலாம், வாப்பாவின் பெயரோடும் வரலாம். தவறவிட்டவன் பெயர் வரவே கூடாது. "துரதிர்ஷ்டவசமாக வாய்ப்புக் கைநழுவியது" என்று எழுத வேண்டும். வாய்ப்புத் தானாகவே நழுவிக்கொள்ளும். அதைக் காலால் அடித்தவன் ஒருவனும் இருக்க மாட்டான். ஜவ்பரும் அதுவரை அப்படித்தான் எழுதி வந்தார்.

உலகக் கிண்ணம் தொடங்கியதும் கொழும்பிலிருந்து கேட்டதெல்லாம் கொடிப் படம். "எந்த வீட்டில பெரிய கொடி கட்டியிருக்கு, அதை அனுப்புங்க" என்பார்கள். உள்ளூர் மேட்ச் செய்தி அனுப்பினால் இடமில்லை. எங்கள் ஊர் முழுக்க அர்ஜென்டினா. கழகத் தலைவர் நெய்னார் ஹாஜியார் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார். அர்ஜென்டினாவின் பத்தாம் நம்பர் அடித்த பெனால்டியை ஐஸ்லாந்துக் கீப்பர் தடுத்த அன்று ஊரே எழும்பி நின்று ஏசியது. நான் அடுப்படியில் இருந்து கேட்டேன். அந்த மனிதரின் பெயர், உம்மா, வாப்பா, போட்டிருந்த பூட்ஸ் வரைக்கும் ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றுக்கும் மேலால் கேட்டது நெய்னார் ஹாஜியாரின் குரல்தான்.

அதற்கடுத்த சில நாளில் எங்கள் பெருநாள் கிண்ணத்தின் இறுதியாட்டம். எங்கள் ஊரும் ஆலங்குடாவும். சமநிலையில் முடிந்து, பெனால்டிக்குப் போனது. எங்கள் கீப்பர் அத்தாஉல்லா இரண்டைப் பிடித்தான். கடைசி உதையை அடிக்க வந்தவன் றஸீன். நெய்னார் ஹாஜியாரின் மகன், எங்கள் ஊரின் பத்தாம் நம்பர், அதோடு ஜவ்பரின் ராத்தா, என் மதினி பரீனாவின் மகள் ஸஃப்னாவுக்குப் பேசிய மாப்பிள்ளை. அடித்தான். பந்து கம்பத்தையும் தாண்டி, வேலியையும் தாண்டி, இறால் பண்ணையில் போய் விழுந்தது. பண்ணைக் காவல்காரர் அடுத்த நாள் அதைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார், பாவம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அன்றிரவே கழகத்தின் பேஸ்புக்கில் போட்டார்கள்: கீப்பர் ஆலங்குடாவிடம் விலை போய்விட்டானாம். இரண்டைப் பிடித்தவன் மூன்றாவதை ஏன் விட்டானாம். கீழே ஒருவன் எழுதினான், "அகதிக்கு ஊர்ப்பற்று எங்கேயிருந்து வரும்?" அத்தாஉல்லாவின் குடும்பம் தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தது. என் குடும்பமும்தான். நான் உம்மாவின் மடியில் தோணியில் வந்தவள். அவன் இங்கேயே பிறந்தவன், அப்படியும் அகதி! காலையில் நெய்னார் ஹாஜியாரின் தேங்காய் ஸ்டோருக்கு வேலைக்குப் போனான். வர வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஜவ்பர் இதைக் கேட்டுவிட்டு வந்து தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை.

"அவன் ரெண்டு பெனால்டியப் புடிச்சவன், மஹ்மூதா. நான் கண்ணால கண்டன்" என்றார்.

"கண்டா எழுதுங்களன். என்கிட்டச் செல்லி என்ன?" என்றேன்.

எழுதினார். "கோல் காப்பாளர் அத்தாஉல்லா இரண்டு உதைகளைத் தடுத்தார். றஸீன் அடித்த கடைசி உதை கம்பத்துக்குச் சற்று மேலாகச் சென்றதால் கிண்ணம் ஆலங்குடாவுக்குப் போனது." அனுப்ப முன் எனக்கு வாசித்துக் காட்டினார்.

"சற்றா?" என்று கேட்டேன்.

"மருமகனாகப் போற புள்ள. ஒரு சொல்லுத் தர்மம்" என்றார்.

அவர் கெட்ட காலம், அன்றைக்கு அந்தப் பக்கத்துக்கு வரவேண்டிய விளம்பரம் ஒன்று வரவில்லை. கொடிகளுக்குக் கீழே செய்தி அப்படியே வந்துவிட்டது.

அஸர் தொழுகைக்குப் பிறகு நெய்னார் ஹாஜியார் வந்தார். கதிரையைக் காட்டினோம், உட்காரவில்லை.

"ஊர்ப் புள்ளைட பேர எழுதியீக்கிறாய். உனக்கு வெக்கம் இல்லையா ஜவ்பர்?"

"நடந்ததத்தானே எழுதின, ஹாஜியார்."

"நடந்தா எழுதணுமா? நாளைக்குப் பொண்ணு கட்டப்போற புள்ள. திருத்தம் ஒண்டு போடு. கடைசியா அடிச்சது றஸீன் இல்ல, பேர் பிழைச்சுப் போச்செண்டு."

எனக்குப் பொறுக்கவில்லை. திரைக்குப் பின்னால் நின்றே கேட்டேன். "ஹாஜியார், அண்டைக்குத் துணிக்கு முன்னால நிண்டு பத்தாம் நம்பர்ட உம்மாவையும் வாப்பாவையும் இழுத்தீங்களே, அந்த மனிசனும் ஒரு ஊட்டுப் புள்ளதானே?"

"அவன் எங்கட ஊரா?" என்றார் மனிதர். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பிறகு ஜவ்பரைப் பார்த்து, "திருத்தம் வராட்டி கல்யாணத்தில உங்களோட ஒருத்தரும் சஹன்ல உக்கார மாட்டாங்க. செல்லிட்டன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சஹன் என்றால் சும்மா தட்டு இல்லை. ஆறு பேர் சுற்றியிருந்து, ஒரே தாலத்தில் கைபோட்டுச் சாப்பிடுவது. பணக்காரனும் கூலிக்காரனும் தோளோடு தோள் முட்டியபடி இருப்பார்கள். உன்னோடு சஹனில் இருக்க மாட்டேன் என்றால், உன்னை மனிதனாகவே எண்ணவில்லை என்று அர்த்தம்.

அன்று தொடங்கியது. கடைக்கு முன்னால் போகிறவர்கள் பாலாவிக்குப் போய்ப் போட்டோக்கொப்பி எடுத்தார்கள். மீன்காரன் எங்கள் படலைக்கு முன்னால் ஹோர்ன் அடிக்காமல் போனான். எனக்கு சலாம் சொல்லி வந்தவர்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரும்பினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊரில் வாயை மூடியே கொன்றார்கள். பரீனா மதினி ஒவ்வொரு நாளும் போனில் அழுதார். "மஹ்மூதா, என்ட புள்ளைட கல்யாணம் நிண்டுபோனா நான் மௌத்தாகிடுவன்."

கடைசியில் நானே சொன்னேன். "எழுதித் தொலைங்க. பேப்பர் நமக்கு என்ன கபுறுக்குழிக்குள்ளயா வரப்போகுது?"

"அடிச்சது றஸீன் இல்லயெண்டா, நான் எழுதினது முழுக்கப் பொய்யாகி, அத்தாஉல்லா வித்தது உண்மையாப் போகுமே மஹ்மூதா. என்ட பேனையால அவன் கள்ளனாகிடுவான்."

"ஸஃப்னா உங்கட மருமகள். அவன் யாரு உங்களுக்கு?"

என் வாயால் அந்தக் கேள்வி வந்தது. தோணியில் வந்த என் வாயால். ஜவ்பர், கல்யாணம் முடிந்த கையோடு திருத்தம் வரும் என்று ஹாஜியாருக்குச் சொல்லியனுப்பினார். கல்யாணத்துக்கு மிச்சமிருந்த மூன்று நாளும் ஒரு மேட்ச்கூடப் பார்க்கவில்லை.

கல்யாணம் நடந்தது. பகல் சாப்பாடு. பெண்கள் பகுதியில் பாய் விரித்து வரிசையாகச் சஹன் வைத்தார்கள். நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, கோழிப் பொரியல், கத்தரிக்காய், அச்சாறு. நான் ஒன்றின் முன்னால் உட்கார்ந்தேன். திருத்தம் வரும் என்று சொல்லியாகிவிட்டதே, இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். கைகழுவும் படிக்கம் கொண்டுவந்த பிள்ளை என் கையில் தண்ணீர் ஊற்றினாள். பக்கத்தில் இருந்த பெண் எழும்பி மற்றச் சஹனுக்குப் போனாள். அடுத்தவளும் போனாள். முன்னால் இருந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு எழும்பினார்கள். அங்கே ஏழு பேர், எட்டுப் பேர் என்று நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். இங்கே நானும் சோறும்.

றஸீனின் உம்மா றஹ்மத் உம்மா வந்து குனிந்து, நல்ல தேன் குரலில் சொன்னார். "பேப்பர்ல வரட்டும் மகள். கண்ணால கண்ட பொறகு உக்காருவம்."

பின்னால் யாரோ, "அகதிக்கு ஒரு சஹன் தனியாக் கெடச்சா நட்டமா?" என்றாள். சிரித்தார்கள்.

அழுகை வந்தது. வந்ததைச் சோற்றோடு விழுங்கினேன். எழும்பிப் போவேன் என்று பார்த்திருந்தார்கள், நான் போவேனா? பிஸ்மில்லாஹ் என்று கையை வைத்தேன். நிதானமாகச் சாப்பிட்டேன். கோழியில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்தேன். வட்டிலப்பத்தையும் விடவில்லை. அவ்வளவு பேரும் பார்த்திருக்க விரலைச் சூப்பிவிட்டுத்தான் எழும்பினேன்.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறினேன். கொஞ்சத் தூரம் போனதும் ஜவ்பர், "என்ட சஹன்லயும் நான் மட்டும்தான்" என்றார்.

"திருத்தம் அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. பின்னேரம் அனுப்பணும்."

"நிப்பாட்டுங்க சைக்கிள. நான் செல்றன், எழுதுங்க."

றோட்டோரத் தென்னையடியில் நிறுத்தினார். நான் சொல்லச் சொல்ல அவர் போனில் தட்டினார். பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கெக்கட்டம் போட்டுச் சிரித்தார். அந்த மாதம் முழுக்க அவர் சிரித்து நான் காணவில்லை. உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்கு முந்திய நாள், பிரான்ஸுக்கும் குரோஷியாவுக்கும் நடுவில் சின்னதாக வந்தது.

"திருத்தம்: பெருநாள் கிண்ண இறுதியாட்டத்தில் றஸீன் அடித்த உதை கம்பத்துக்குச் சற்று மேலாகச் சென்றதாகப் பிரசுரமாகியிருந்தது. அது வெகு மேலாகச் சென்று இறால் பண்ணையில் விழுந்தது என்பதே சரி. தவறுக்கு வருந்துகிறோம்."

லுஹர் தொழுகைக்கு முன்னமே அது புத்தளம் முழுக்கப் போனில் ஓடியது. ஆலங்குடாப் பொடியன்மார் இறாலுக்குப் பூட்ஸ் போட்டுப் படம் கீறி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எந்த மைதானத்திலும் பந்து மேலால் போனால், "இறாலுக்குத் தீன் போட்டான்" என்றுதான் கத்துகிறார்கள். ஸஃப்னா ஒரு தரம் களவாகக் கூப்பிட்டாள். "மாமி, இவர்ட கூட்டாளிமார் கூப்பிட்டு இறால் என்ன வெலயெண்டு கேக்குறாங்க" என்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் போனை வைத்துவிட்டாள். நெய்னார் ஹாஜியார் மட்டும் ஆள் அனுப்பிச் சொன்னார், எங்கள் வீட்டு மௌத்துக்கும் ஊர் வராதாம்.

கீப்பர் விலை போன கதை அன்றோடு முடிந்தது. பந்து எங்கே விழுந்தது என்று உலகத்துக்கே தெரிந்த பிறகு எந்த முகத்தோடு பேசுவது? பேஸ்புக்கில் போட்டதை அழித்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் மேட்ச்சுக்கு அத்தாஉல்லாவையே திரும்பக் கூப்பிட்டார்கள், ஊரில் வேறு கீப்பர் ஏது? தேங்காய் ஸ்டோரிலும் சேர்த்துக்கொண்டார்கள். ஏசுவதற்குத்தான் நாங்கள் கிடைத்துவிட்டோமே.

அந்த வருஷக் கடைசியில் அத்தாஉல்லாவின் தங்கைக்குக் கல்யாணம். ஊரே போனது, நெய்னார் ஹாஜியாரும் போனார். எங்களுக்கு அழைப்பில்லை.

பின்னேரம் அவனுடைய உம்மா எங்கள் பின்வாசலுக்கு வந்தார். துணியால் மூடிய ஒரு முழுச் சஹன் தலையில். இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவிக்காத மகள். ஜவ்பர் தம்பிட நன்றிய நாங்க மறக்க மாட்டம். ஆனா உங்களக் கூப்பிட்டா ஊர் வராது."

"ஓம் மாமி" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் வேலியோரமாகப் போய் மறைந்த பிறகு நானும் ஜவ்பரும் பாயை விரித்து உட்கார்ந்தோம். ஆறு பேருக்கான சோறு. இரண்டு பேரும் சாப்பிட்டோம். நல்ல ருசி. அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.